பரண் மேல் ஆர்வில்

ஆர்வில் ப்ளெட்சோ தன் வாழ்நாளில் வில்லால் அடித்த காட்டு வான்கோழி ஒன்றே ஒன்று. அதுவும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவன் பேசிய பேச்சைக் கேட்டால், மிசௌரியின் தெற்கு மலைகளில் கோழி இனமே அற்றுப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் வால் இறகுகளை விசிறியாக விரித்துப் பலகையில் அடித்து முன்னறையில் மாட்டியிருந்தான். சேவலின் நெஞ்சிலிருந்து தொங்கும் கருமுடிக் கற்றையை எங்கள் பக்கத்தில் தாடி என்பார்கள். அதையும் விசிறிக்குக் கீழே தொங்கவிட்டிருந்தான். அடித்த வருடம் அந்தத் தாடி ஒன்பதேகால் அங்குலம். அவன் மனைவி நோரீன் தையல் டேப் வைத்து அளந்தது அது. மூன்றாம் வருடம் அவன் வாயில் அது பத்தானது. எட்டாம் வருடம் பதினொன்று. செத்த பிறகும் தாடி வளர்ந்த கோழி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆர்வில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. மர அறுவை மில்லில் முப்பது வருடம் ரம்பம் தீட்டிவிட்டு, முதுகு வலி என்று சொல்லி ஓய்வு வாங்கி வந்தவன். அந்த முதுகு வலி விறகு பிளக்கும்போது வரும், குப்பை கொட்டும்போது வரும். மரம் ஏறும்போது மட்டும் வராது. பிளாங்க் ஓடைக்கு மேலே, நோரீனின் அப்பா அவளுக்கு விட்டுப்போன நாற்பது ஏக்கர் ஓக் காட்டில், ஒரு வெள்ளை ஓக் மரத்தில் பதினெட்டு அடி உயரத்தில் இரும்புப் பரண் கட்டி வைத்திருந்தான். ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கும் மூன்று வார வேட்டைப் பருவம் முழுக்க, விடியும் முன் அதில் ஏறி உட்கார்ந்துவிடுவான். மதியம் ஒரு மணிக்குச் சட்டப்படி வேட்டை முடியும்போதுதான் இறங்குவான்.

எங்கள் ஊரில் வான்கோழிக்குப் போகிறவர்கள் ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்கள். மடியில் துப்பாக்கி இருக்கும். இமை தட்டினால்கூடக் கண்டுபிடித்துவிடும் பறவை அது. அதனிடம் போய், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, உயரத்தில் நின்று கையை நீட்டி வில்லை இழுப்பது, இதோ இங்கே இருக்கிறேன் என்று கூப்பிட்டுச் சொல்வதற்குச் சமம். மானுக்குப் பரண் சரி. வான்கோழிக்கு யாரும் ஏறுவதில்லை. யாரும் ஏறாததால்தான் ஆர்வில் ஏறினான். கஷ்டமான காரியத்தைச் செய்கிறவனுக்கு மதிப்பு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் ஏறியும் ஒன்றும் விழவில்லை என்றால் அதற்கு வேட்டை என்று பெயர் இல்லை, மரம் ஏறுவது என்று பெயர்.

அதோடு விட்டானா? மான் வேட்டைக்காரர்களுக்காக விற்கும், உடம்பு வாசனையைப் போக்கும் தண்ணீரை வாங்கி வந்து தலை முதல் பூட்ஸ் வரை பீய்ச்சிக்கொள்வான்.

"கோழிக்கு மோப்பம் தெரியாது, ஆர்வில்" என்று நோரீன் ஒரு தடவை சொன்னாள்.

"அப்படின்னு நீ நினைச்சிட்டிரு" என்றான் அவன். "உங்கப்பனும் அப்படித்தான் நினைச்சாரு."

அவள் அப்பா அடித்த வான்கோழிகளுக்குக் கணக்கே கிடையாது. நோரீன் அதைச் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் எதற்கு வாயைத் திறப்பது, எதற்கு மூடிக்கொள்வது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. திறப்பதற்கு இருந்த பட்டியல் மிகச் சிறியது.

ஊரில் ஆட்கள் கூடுகிற இடம் ட்ரீவாவின் சாப்பாட்டுக் கடை. வேட்டைப் பருவத்தில் ஒரு மணி அடித்ததும் எல்லோரும் சேற்றுப் பூட்ஸோடு அங்கே வந்து விழுவார்கள். அந்தக் கடையின் பின்சுவர்தான் எங்கள் ஊர் ஆண்களின் பயம். குறி தவறியவனுடைய சட்டையின் பின்பக்க நுனியைக் கத்தியால் அறுத்து, பேரும் தேதியும் எழுதி அந்தச் சுவரில் ஆணியடிப்பார்கள். வேறு ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரு சிரிப்போடு முடிந்துபோகும். எங்கள் ஊரில் ஆர்வில் இருந்ததால் அது முடியாது. அவனாகவே அதற்குக் காவலன் ஆகிக்கொண்டான். மில்லில் ரம்பம் தீட்டிய கை. கத்தியை மயிரை வைத்துப் பதம் பார்த்துவிட்டுத்தான் வருவான். போதாததற்கு ஓர் அட்டையில் சட்டதிட்டம் எழுதிச் சுவரின் நடுவில் மாட்டினான். குறி தவறியதைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். சாட்சியே வெட்ட வேண்டும். வெட்டியவனின் சட்டைத் துண்டு என்றைக்குச் சுவர் ஏறுகிறதோ, அன்றைக்கு அவன் வெட்டிய துண்டுகள் எல்லாம் இறங்கும். மற்றபடி எதுவும் இறங்காது.

கடைசி விதியை அவன் பெருமைக்காகச் சேர்த்தான். "என் துண்டு இங்க தொங்குற அன்னிக்கு, நான் வெட்டுனது அத்தனையும் எடுத்துக்கிட்டுப் போங்கடா" என்று கடை நடுவில் நின்று சொன்னான். சொல்லலாம்தானே. பதினெட்டு அடி உயரத்தில், தனியாக, மனைவி வீட்டுக் காட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது சாட்சி? ஒவ்வொரு வருடமும் வந்து அவன் சொல்வது ஒரே கதைதான். "ஒம்பது கஜம். அசையாம நின்னுச்சு. தாடி சின்னது. போய்ப் பொழச்சுக்கோன்னு விட்டுட்டேன்." பன்னிரண்டு வருடமாக அவனிடம் உயிர்ப்பிச்சை வாங்கிய சேவல்கள் அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தன.

அவ்வப்போது யாரையாவது துப்பாக்கியோடு காட்டுக்குக் கூட்டிப்போய், தான் வில்லைத் தொடாமல் வேடிக்கை பார்த்து, அவன் வெட்டியவை ஏழு துண்டுகள். ஆறைப் பற்றி யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை. ஏழாவது லேலண்டுடையது.

லேலண்ட் நோரீனின் தம்பி. மூன்று வயது இளையவன், மனைவியை இழந்தவன், இரண்டு மைல் தள்ளித் தனியாக இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்பு ஆர்வில் அவனைத் தானே கூப்பிட்டான். "நீ துப்பாக்கியோட கீழ உக்காரு, நான் மேல இருந்து பாக்கறேன்" என்றான். சேவல் வந்தது. இருபது தப்படியில் நின்றது. லேலண்டின் துப்பாக்கிக் குழல் ஆடியது. குண்டு எங்கேயோ போனது, கோழி வேறெங்கேயோ போனது. மேலே சாட்சி உட்கார்ந்திருந்தான். அன்று மதியமே கடையில் எல்லோர் முன்னாலும் லேலண்டைத் திருப்பி நிறுத்தி, நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு சாண் அறுத்து எடுத்தான். அறுக்கும்போது லேலண்டின் கை ஆடிக்கொண்டே இருந்தது. "பாருங்கடா, கோழி போயி மூணு மணி நேரம் ஆச்சு, இன்னும் பயம் தெளியல" என்றான் ஆர்வில். கடையே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவராவது அந்தக் கையைச் சரியாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்த ஆட்டத்துக்கு ஒரு நோயின் பேர் உண்டு என்று இரண்டு மாதம் கழித்து டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு லேலண்ட் கடைக்கு வரவில்லை. அக்கா வீட்டுக்கும் வரவில்லை. நோரீன்தான் வாரம் ஒருமுறை சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாயேன், தம்பி" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள்.

"அந்தத் துணி அங்க இருக்கற வரைக்கும் அந்தாள் மூஞ்சில முழிக்க மாட்டேன்க்கா. கையில டம்ளர் ஆடுறப்ப எல்லாம் அவன் சுவரைத்தான் நினைப்பான். எனக்குத் தெரியும்."

நோரீன் கணவனிடம் கேட்டாள். அவள் பட்டியலில் இருந்த மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. "அது நோய்னு தெரிஞ்சு போச்சுல்ல, ஆர்வில். அதை எடுத்துடு."

"விதின்னா விதிதான்" என்றான் அவன், வில்லில் நாண் ஓடும் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே. "இன்னிக்கு உன் தம்பிக்கு இரக்கப்பட்டா நாளைக்கு ஹோபர்ட்டு வந்து நிப்பான், அன்னிக்குக் கண்ணுல தூசின்னு. எடுக்கணும்னா வழி எழுதிப் போட்டிருக்கேன். படிச்சுப் பாரு."

அவள் படித்திருந்தாள். நன்றாகவே படித்திருந்தாள்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். வான்கோழிப் பருவமும் எங்கள் காட்டில் காளான் முளைக்கும் நாளும் ஒன்றுதான். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் காளானுக்காக ஊரில் பாதிப் பேர் காடு மேடெல்லாம் குனிந்தபடி திரிவார்கள். நோரீனும் மதியத்துக்கு மேல், அவன் வீடு திரும்பிய பிறகு, பை எடுத்துக்கொண்டு போவாள். பல வருடம் முன்பு ஒருநாள், வெள்ளை ஓக் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த ஓர் உளுத்த மரத்தின் பொந்துக்குள் காளான் தேடிக் கையை விட்டபோது அம்பு ஒன்று கையில் தட்டுப்பட்டது. முனையில் மண். தண்டில் கறுப்பு மையில் 'ஆர்வில் ப்ளெட்சோ' என்ற பேரும் வருடமும். ஒவ்வொரு பருவத்துக்கும் புது அம்பு வாங்கிப் பேரும் வருடமும் எழுதி வைப்பது அவன் வழக்கம். வேறு எவனாவது அதைத் திருடிப் பேர் வாங்கிவிடுவானாம். குறி தவறினால் அம்பைப் பிடுங்கி, மண் ஒட்டியிருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்தப் பொந்தில் திணித்துவிட்டு வந்திருக்கிறான். அடுத்த வருடமும் அதே பொந்து. அதற்கடுத்த வருடம் இரண்டு அம்பு. அவன் ஒரு பக்கம் திணித்தான், அவள் மறுபக்கம் உருவினாள். உள்ளே இருந்தது என்ன ஆயிற்று என்று ஒருநாளாவது குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

பதினான்கு அம்பு சேர்ந்தது. முனையைக் கழற்றி, அவற்றைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த தன் தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்குக் கொழுகொம்பாக நட்டு வைத்தாள் நோரீன். ஆரஞ்சும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் இறகுகள் மேலே தெரிய, கொடி அவற்றைப் பிடித்துக்கொண்டு அழகாக ஏறியது. தோட்டம் பெண்கள் சமாச்சாரம் என்று ஆர்வில் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. பட்டாணியைத் தின்ன மட்டும் தெரியும்.

ஆனால் அம்பு சாட்சி ஆகாது. மரத்தில் குறி பழகும்போது அடித்தது என்பான், சுலபமாகச் சொல்லிவிடுவான். கண்ணால் பார்த்த ஆள் வேண்டும். இத்தனை வருடம் அவள் போய் உட்காராததற்குக் காரணம் பயம் இல்லை. கட்டியவனை ஊர் நடுவில் நிறுத்தி அசிங்கப்படுத்துவதா என்ற ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அவன் தகுதியானவன்தானா என்று ஒருநாள் அவளுக்கே கேள்வி வந்தது. அந்த வருடம் ஈஸ்டருக்குக்கூட லேலண்ட் வரவில்லை. தட்டு வைத்துக் காத்திருந்தாள். ஆர்வில் காலித் தட்டைப் பார்த்து, "உன் தம்பிக்கு ஸ்பூன் கனமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பன்றித் தொடையில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டான். அன்றைக்குப் போனது அந்தக் கூச்சம்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. பொழுது நன்றாக விடிந்து, தரையில் கிடந்த இலைகளின் ஈரம் காயும் முன் நோரீன் வீட்டிலிருந்து கிளம்பினாள். பழுப்புக் கோட்டு, பழுப்புத் தொப்பி. வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அந்த மூன்று நிறத்தில் எதையும் உடுத்திக்கொண்டு அந்தப் பருவத்தில் காட்டுக்குள் போனால் கோழி என்று சுட்டுவிடுவார்கள் என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். பின்பக்கச் சரிவு வழியாக, அவன் முதுகுக்குப் பின்னால் ஏறி, பரணுக்கு முப்பது தப்படி தள்ளி ஒரு தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்தாள். மேலே ஆர்வில், சேவலை ஏமாற்றிக் கூப்பிடுவதற்கென்று விற்கும் மரப் பெட்டியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை. கதவுக் கீல் போல அது கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு வருகிற கோழிக்கு மூளை இருக்க முடியாது.

பத்து மணிக்கு மேல் அவனுக்கே சலித்துவிட்டது. சாண்ட்விச் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. தின்றான். ஏப்பம் விட்டான்.

அப்போதுதான் ஓடைப் பக்கம் வெகு தூரத்தில் ஒரு சேவல் கொக்கரித்தது.

நோரீனுக்குப் பெட்டி தேவையில்லை. அவள் அப்பா தொண்டையாலேயே கூப்பிடக் கற்றுக் கொடுத்திருந்தார். ஒரு நிமிடம் யோசித்தாள். அவள் கூப்பிட்டால் சேவல் வரும், அதில் சந்தேகமில்லை. வந்து பரணடியில் நிற்கும். ஆர்வில் அடித்துவிட்டால்? இரண்டாவது கோழி. லேலண்டின் நீலத் துண்டு அந்தச் சுவர் இடிகிற வரைக்கும் அங்கேயே கிடக்கும், தம்பி அவள் மேசைக்கு வராமலே போய்ச் சேருவான், அவள் மிச்ச நாளெல்லாம் இரண்டாவது தாடி வளர்கிற கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. பன்னிரண்டு வருடமாக நடக்காதது போலவே.

அவள் மூன்றே மூன்று தடவை, மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பரணில் இன்னொரு ஏப்பம் பாதியில் நின்றது. பக்கத்தில் பெட்டை வந்திருக்கிறது என்று நினைத்திருப்பான். சேவல் இன்னும் கிட்டத்தில் கொக்கரித்தது. பிறகு சத்தமே இல்லை. பிறகு இலை நசுங்கும் ஓசை. சிவந்த கழுத்தும் விரிந்த வாலுமாக, சிறகு தரையில் உரச, மாப்பிள்ளை மாதிரி வந்தது. நேராக வெள்ளை ஓக் மரத்தடிக்கு வந்து, பரணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதன் சொந்த வாலே அதன் கண்ணை மறைத்தது. இதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்கும் கிடைக்காது. தாடி தரையைத் தொட்டது.

உயரத்திலிருந்து நேர் கீழே அடிக்கும்போது இடுப்பை வளைக்க வேண்டும், கையை மட்டும் தாழ்த்தினால் அம்பு மேலே போய்விடும். இது வில் பிடிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கடையில் ஆர்வில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. முள்கரண்டியை அம்பாகப் பிடித்துக்கொண்டு, "இடுப்புடா, எல்லாம் இடுப்புல இருக்கு" என்று பிறத்தியானுக்கு வளைந்து காட்டுவான். இப்போது கையைத் தாழ்த்தினான். இடுப்பு அதுபாட்டுக்கு நட்ட கம்பாக நின்றது.

அம்பு சேவலின் முதுகுக்கு ஒரு சாண் மேலே போய் இலைக்குவியலில் புதைந்தது. சேவல் ஓர் ஆள் உயரம் எகிறியது, இரண்டு தடவை கத்தியது, ஓடிப்போயிற்று.

ஆர்வில் சுற்றுமுற்றும் பார்த்தான். கோழியைப் பார்க்கவில்லை, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். பிறகு பட்டையை அவிழ்த்துக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, இலையைக் கிளறி அம்பைத் தேடி எடுத்து, நேரே உளுத்த மரத்துக்குப் போய்ப் பொந்துக்குள் திணித்தான். கையைத் தட்டிக்கொண்டான். "தாடி சின்னது" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். கடையில் சொல்வதற்கு முன் ஒத்திகை. கேட்டுக்கொண்டிருந்த நோரீனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்று, இந்த மனிதனோடா முப்பத்து நான்கு வருடம் என்று தோன்றியது.

ஒன்றரை மணிக்குக் கடையில் கூட்டம். வறுத்த மீனும் சோள ரொட்டியும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தன. நோரீன் உள்ளே வந்தபோது ஆர்வில் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"ஒம்பது கஜம். நான் இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கறேன். தாடி இத்துனூண்டு. போடான்னு விட்டுட்டேன்."

"எத்தனை அங்குலம்?" என்றாள் நோரீன்.

கடை திரும்பிப் பார்த்தது. அவள் அங்கே வருவது அபூர்வம். கையில் காளான் பை, பையில் காளான் இல்லை.

"ஒரு அஞ்சு இருக்கும்" என்றான் ஆர்வில். "என்ன, வீட்டுல ஏதாவது ஆச்சா?"

"தரையைத் தொட்டுச்சு, ஆர்வில். நான் தேவதாரு மரத்தடியில உக்காந்திருந்தேன். கூப்பிட்டதே நான்தான். நீ இடுப்பை வளைக்கல." பையிலிருந்து அம்பை எடுத்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மண் ரொட்டியில் உதிர்ந்தது. "பொந்துல வெச்சதை எடுத்துட்டு வந்துட்டேன்."

ஆர்வில் சிரிக்கப் பார்த்தான். "பொம்பளை காளான் பொறுக்கப் போனா. அவளுக்கு என்ன தெரியும் வேட்டையைப் பத்தி?"

"கண்ணால பாத்த சாட்சின்னுதான் போட்டிருக்கு" என்றார் ஹோபர்ட். எழுபது வயதுக்காரர், ஆர்வில் வெட்டிய அவருடைய மஞ்சள் துண்டு ஒன்பது வருடமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டைக்குக் கிட்டே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "ஆம்பளை சாட்சின்னு இல்லையே. உன் கையெழுத்துதானே இது?"

"ஒரு அம்பு! ஒரே ஒரு அம்பு! கிளையில பட்டு விலகியிருக்கும்!"

"பதினாலு இருந்துச்சு. இதோட பதினஞ்சு ஆச்சா, நோரீன்?" என்றாள் ட்ரீவா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து. "போன ஜூன்ல பட்டாணி பறிக்க வந்தப்ப எண்ணினேன். பேரு, வருஷம் எல்லாம் போட்டிருக்கே. எங்க சர்ச்சு பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க வீட்டுக்காரரை விட்டுப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் இந்த ஆளின் கத்திக்கு முதுகைக் காட்டி நின்றோமே என்ற நினைப்பு ஒவ்வொரு முகத்திலும் ஏறியது. அவர்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. லேலண்டின் கை ஆடியபோது சிரித்தவர்கள்தான்.

"திரும்பி நில்லு" என்றாள் நோரீன்.

"ஏய், வீட்டுக்கு வா, பேசிக்கலாம்—"

"விதின்னா விதிதான்."

அவன் இடுப்பு உறையிலிருந்தே கத்தியை உருவினாள். அருமையான பதம். வழக்கம் ஒரு சாண். அவள் சட்டை நுனியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தாள், துணி சர்ரென்று கிழிந்துகொண்டே போனது, அவள் நிறுத்தவில்லை. காலரில் போய்த்தான் கத்தி நின்றது, முதுகுத் துணி முழுசாக அவள் கையோடு வந்தது. வெளிறிப் போய், பரண் பட்டை அழுத்திய தழும்போடு, ஆர்வில் ப்ளெட்சோவின் முதுகு முழுக்கக் கடைக்கு முன் நின்றது. அவன் முன்பக்கச் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளி, வண்டிக்குப் போனான்.

நோரீன் அந்தத் துணியைச் சுவரில் ஆணியடித்ததும், ஹோபர்ட் தன் மஞ்சள் துண்டைப் பிடுங்கி அதிலேயே மூக்கைச் சிந்தினார். நோரீன் நீலக் கட்டம் போட்ட துண்டை ஆணியிலிருந்து கிழியாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லேலண்ட் அதை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தான். விரல்கள் அதன் மேல் ஆடிக்கொண்டே இருந்தன.

"அவன் சட்டையை யாரு வெட்டுனா?"

"நான்தான்."

"எவ்வளவு?"

"காலர் வரைக்கும்."

அவன் சிரித்தான். ஆறு வருடத்தில் அவள் கேட்காத சிரிப்பு. சிரித்ததில் காப்பி கவிழ்ந்து மடியெல்லாம் கொட்டியது. அந்தத் துணியாலேயே துடைத்துக்கொண்டான்.

ஆனாலும் அவன் வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஜூன் முதல் ஞாயிறு. நோரீன் கோழி வறுத்து, புதுப் பட்டாணியை வெண்ணெயில் வேகவைத்து வைத்திருந்தாள். ஆர்வில் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்பு கிளையில் பட்டு விலகிய கதையைக் கேட்க ஊரில் ஆள் கிடைக்காததால் வாயை மூடியிருந்தான், அவ்வளவுதான். லேலண்டின் ஸ்பூன் தட்டில் கடகடவென்று தட்டியது. இரண்டு பட்டாணி மேசையில் உருண்டு ஆர்வில் பக்கம் ஓடின. ஆர்வில் அவற்றைப் பார்த்தான். பழைய பழக்கம் உதட்டுக்கு வந்தது, வாயைத் திறந்தான்.

"பட்டாணி ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றான் லேலண்ட், அவனையே பார்த்துக்கொண்டு. "கொடிக்குக் கொம்பு எங்க வாங்குன?"

ஆர்வில் வாயை மூடிக்கொண்டான்.

"காசு குடுத்து வாங்கலடா" என்றாள் நோரீன், தம்பி தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டபடி. "வருஷா வருஷம் மரத்து மேலருந்து விழுது."